கினாசியின் கால் அளவு

கானிகோரோ, பிளிட்டார்
ஆகஸ்ட் 29, 1996

அன்புள்ள சுபார்த்தி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாங்காங்கில் நீங்களும் நீங்கள் வேலை செய்யும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் மகள் கினாசி நலம். இந்த வரியைப் படித்த பிறகே நீங்கள் மற்றதைப் படிக்க வேண்டும் என்பதற்காக மேலேயே எழுதிவிட்டேன்.

நான் வர்சினி. மர்வோட்டோவுக்கு வாழ்க்கைப்பட்டவள். நீங்கள் அவரைப் பிரிந்து வெளிநாடு போன பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். அதனால் நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. உங்கள் கடிதங்கள் கினாசியின் பெயருக்கே வருகின்றன. அவள் அவற்றைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். நான் தொட்டதில்லை. உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று இத்தனை காலம் சும்மா இருந்தேன். இனி இருக்க முடியவில்லை.

கினாசி இந்த ஜூலையில் நான்காம் வகுப்புக்குப் போனாள். நான்காம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கரும்புக்காட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நடந்து போகிற தூரம் இல்லை. அவள் அப்பாவுக்கு மலாங் ஊருக்கு வேன் ஓட்டிவிட்டு வீடு திரும்பவே பொழுது போய்விடுகிறது. சைக்கிள் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

நான் வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். பிள்ளைகளின் அளவு எனக்கு விளங்கும், சைக்கிள் விளங்காது. அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு பிளிட்டார் கடைவீதி முழுக்க ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வண்டியிலும் அவளை உட்கார வைத்து, கால் விரல்கள் தரையில் ஊன்றுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பிரேக்கை அவள் விரலாலேயே பிடிக்கச் சொன்னேன். பெரிய கைக்குச் செய்த பிடி அவள் விரலுக்கு எட்டவில்லை. எட்டாத பிரேக் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதானே. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைகளுக்கு நடுவே கோணாமல் ஓடுகிறதா என்று பார்த்தேன். குழாய்களைப் பற்றவைத்த இடங்களை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் பெரியவர்கள் ஓட்டுகிற வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "வளர்ற பொண்ணும்மா. இதையே வாங்கிடுங்க, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்றார். அடுத்த வருஷம் வரைக்கும் அவள் எதை ஓட்டுவாள் என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

கடைசியில் ஒரு பச்சை வண்டி அமைந்தது. இப்போதைக்குக் கால் ஊன்றும். சீட்டைத் தாங்கும் குழாய் நீளம், ஆறாம் வகுப்பு வரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொள்ளலாம். பச்சை என்பது அவள் சொன்ன நிறம். வேன் கூரையில் கட்டிக் கொண்டுவந்தோம். மாலை நேரங்களில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு நாள் நான் கையை எடுத்துவிட்டது தெரியாமல் பள்ளிவாசல் வரை ஓட்டிப் போய், திரும்பிப் பார்த்து, தெருவே கேட்கும்படி சிரித்தாள். அக்கா, என் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அந்தச் சிரிப்பை என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் பிறந்ததும் உங்கள் தம்பி சுரபாயாவிலிருந்து நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டியோடு வந்தார்.

தெருவே கூடிவிட்டது. ஊதா நிற வண்டி, முன்னால் கூடை, சக்கரக் கம்பிகளில் வண்ண மணிகள், மூடியில் பூப்போட்ட பெல். நான் அதில் குறை தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், கடையில் தேடியதைவிட உன்னிப்பாகத் தேடினேன். வெல்டிங்கில் குறை இல்லை. சக்கரம் நூல் பிடித்ததுபோல ஓடியது. என் பச்சை வண்டியில் பாதி எடைதான் இருக்கும். ஒரே ஒரு குறை. அது ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கான வண்டி.

கினாசிக்கு ஒன்பது முடிந்துவிட்டது, அக்கா. அதில் உட்கார்ந்தால் அவள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. கால்களை இரண்டு பக்கமும் அகட்டி வைத்துத்தான் மிதிக்க முடிகிறது. ஆனாலும் அன்று சாயங்காலமே பச்சை வண்டியை அடுப்படிக்குப் பின்னால் தள்ளிப் போய், அரிசிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டாள். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. அவள் சட்டையின் விளிம்பைப் பிரித்து இறக்கித் தைப்பது நான். காய்ச்சல் வந்தால் தேங்காயெண்ணெயும் சின்ன வெங்காயமும் தேய்ப்பது நான். நீங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கினீர்கள். அவள் உங்கள் பக்கம் போய்விட்டாள். அவள் அப்பாவிடம் சொன்னேன். ரெண்டு நாளில் சலித்துவிடும் என்றார். உங்கள் தம்பியோ போகிற போக்கில், நோன்பு மாதத்தோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வந்ததும் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பதினேழாம் தேதி சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகள் சைக்கிளை ஜோடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கொடியின் நிறத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம் வெட்டி, பச்சை வண்டிக்கும் சேர்த்தே தயாராக வைத்திருந்தேன். அவள் சின்ன வண்டியைத்தான் எடுத்தாள். முழங்காலை அகட்டிக்கொண்டு அவள் மிதிப்பதைப் பார்த்த பையன்கள், "குரங்கு வந்தாச்சு, மேளக்காரன் எங்கடா?" என்று கத்தினார்கள். மேளத்துக்குச் சைக்கிள் ஓட்டி வித்தை காட்டும் அந்தக் குரங்கை நீங்களும் தெருவில் பார்த்திருப்பீர்கள். கூட்டம் சிரித்தது. கினாசி அழவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு ஊராட்சி அலுவலகம் வரை ஓட்டிப் போனாள்.

உங்களிடம் இதை மறைக்க மாட்டேன்: அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, நல்லா வேணும் என்று ஒரு கணம் எனக்குள் தோன்றியது. அவளுக்கு அல்ல, உங்களுக்கு.

அதற்கான பலனை அவள் அனுபவித்தாள். அப்பாவின் வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்து, யாருக்கும் தெரியாமல் சின்ன வண்டியின் சீட்டை உயர்த்தியிருக்கிறாள். இதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று குழாயில் போட்டிருந்த கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்திவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில், கரும்பு லாரி எதிரே வரும்போது, குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சீட்டோடு ரோட்டில் விழுந்தாள். லாரிக்காரர் நல்ல மனிதர். வண்டியை வாய்க்கால் பக்கம் ஒடித்து நிறுத்தி, அவரே அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார்.

முகவாயில் தையல் போட்டார்கள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எழுதும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

சுகாதார நிலைய பெஞ்சில் வைத்துத்தான் நான் வாய் தவறினேன். இந்த வண்டி உனக்குச் சின்னது என்று உன் அம்மாவுக்கு எழுதப் போகிறேன் என்றேன். விழுந்ததற்கும் தையலுக்கும் அழாத பெண் அப்போது அழுதாள்.

"எழுதாத சித்தி. அம்மா திரும்பி வந்து அந்தச் சின்னப் பொண்ணைத்தான் தேடுவாங்க. நான் இவ்ளோ பெருசாயிட்டேன்னா அவங்களுக்கு என்னை எப்படி அடையாளம் தெரியும்?"

மறுநாள் அவள் தூங்கும்போது உங்கள் வண்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். போட்டிருந்தால் அவள் கண்ணில் நீங்கள் இன்னும் உயர்ந்திருப்பீர்கள். திரும்பக் கொண்டுவந்து, துடைத்து வைத்தேன்.

அக்கா, என் வார்த்தைக்கு அவள் பச்சை வண்டியில் ஏற மாட்டாள். உங்கள் வார்த்தைக்கு ஏறுவாள். இதை உங்களிடம் கேட்பது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் போகாது. நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். கரும்பு வெட்டு இன்னும் முடியவில்லை. லாரிகள் நாள் முழுக்கப் போகின்றன. மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் எழுதிவிடுங்கள்.

உங்கள் நலம் வேண்டும்,
வர்சினி


ஹாங்காங்
செப்டம்பர் 15, 1996

தங்கை வர்சினிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் வைத்துப் பிரித்தேன். நம் ஊர்ப் பெண்கள் எல்லாம் பாய் விரித்து, கடலைச் சாறு ஊற்றிய பெச்செல் கீரையும் பொரித்த தெம்பே சோயாக்கட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகவாய்த் தையலைப் படித்ததும் எழுந்து தனியாகப் போய்விட்டேன்.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. விழுந்ததற்காக இல்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு நீ பின்னால் ஓடினாய் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிவாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள் என்கிறாய். அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்றது நீ. எழுத உனக்கு உரிமை இல்லை என்று வேறு எழுதுகிறாய். உன் உரிமையில் பாதி கிடைத்தாலே எனக்குப் போதும்.

அந்த வண்டியை எப்படி வாங்கினேன் என்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் வளர்க்கிற பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க முதலாளியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த அளவு சரிப்படும் என்று என்னைத்தான் கேட்டார், பெற்றவளுக்குத் தெரியவில்லை. நான் பார்த்த மாத்திரத்தில் ஒன்றைக் காட்டினேன். அந்தப் பிள்ளை ஏறி உட்கார்ந்தாள், அச்சு அசலாகப் பொருந்தியது. பெருமை தாங்கவில்லை எனக்கு. அதே கடையில், அதே அளவில், கினாசிக்கும் ஒன்று எடுத்தேன். ஏன் அதே அளவு என்று கடையில் நிற்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை, வர்சினி. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது. என் கைக்குப் பழகிய கால் அந்தப் பிள்ளையின் கால்.

கினாசிக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். விழுந்த செய்தி என் தம்பி சொல்லித் தெரிந்ததாக எழுதியிருக்கிறேன். நான் விட்டுவிட்டு வந்த சின்னக் கினாசிக்கு ஒரு சைக்கிள் கடன்பட்டிருந்தேன், அதை அவள் ஓட்டித் தீர்த்துவிட்டாள். இனி பெரிய கினாசி பச்சை வண்டியில் ஏறி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், முழு உயரமும் தெரிய வேண்டும், அந்த முகத்தை வைத்துத்தான் நான் வந்து தேடுவேன் என்று எழுதினேன். இதற்கு அவள் மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஊதா வண்டியை நீ விருப்பம்போல் செய்துகொள். பழைய இரும்புக்காரனுக்கு மட்டும் வேண்டாம்.

என் தம்பி சொன்னது பழைய கதை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிவிட்டேன். இதைப் படிக்கும்போது உனக்கு மூச்சு வரும். வரட்டும், அதற்காக வெட்கப்படாதே. உன் இடத்தில் இருந்தால் எனக்கும் வரும்.

பிரேக் கம்பியை மழைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடு. கரும்பு ரோட்டில் உங்கள் இருவரையும் அல்லாஹ் காக்கட்டும்.

இன்னொன்று. போன கடிதத்தில் கினாசி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்; நான் பதில் எழுதவில்லை. உன்னை அம்மா என்று கூப்பிடலாமா என்று கேட்டிருந்தாள். கூப்பிடாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூப்பிடு என்று எழுத மனம் இல்லை. என்றைக்காவது அவளாகவே கூப்பிட்டால், நீ தயங்காமல் என்னம்மா என்று கேட்டுவிடு. பிள்ளையைக் காக்க வைக்காதே.

எனக்கு மட்டும் அதை எழுத வேண்டாம்.

சுபார்த்தி