எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

என் ஆசை அண்ணாவுக்கு,

கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் கல்லறைக் கல்லின் வேலையை நேற்று நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆத்துமாக்கள் நாள் நெருங்கிவிட்டது. அன்று பாதர் வந்து மந்திரிக்க வேண்டிய கல் அது.

பெயருக்குக் கீழே 333333331 என்று வெட்டி, பக்கத்தில் 'முதன்மை எண்' என்று எழுத வேண்டும் என்பது உங்களைக் கட்டிய மச்சாளின் விருப்பம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் முணுமுணுத்தது அந்த எண்ணைத்தானாம். எனக்கு உடனே விளங்கியது. 31, 331, 3331 என்று முன்னால் மூன்றைச் சேர்த்துக்கொண்டே போனால், ஏழு மூன்று வரைக்கும் எல்லாமே முதன்மை எண்கள். ஒன்றையும் தம்மையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. எட்டாவது மூன்றையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று எத்தனை தரம் என்னைச் சீண்டியிருப்பீர்கள்?

நேற்றுக் காலை மனம் கேட்காமல் வகுத்துப் பார்த்தேன். பதினேழால் வகுக்க, மீதி வரவில்லை. 17 × 19607843. திரும்பத் திரும்பச் செய்தேன், அதே விடைதான். கணித வாத்தியாரின் கல்லறையில் பிழையான கணக்கா? நீங்கள் படிப்பித்த பிள்ளைகள் அன்று மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு வந்து உங்கள் கல்லறை முன்னால் நிற்பார்களே. அவர்களில் ஒருத்தன் கைபேசியில் தட்டிப் பார்த்தால்?

அடம்பனில் கல் வெட்டும் சிலுவைராசா அண்ணைக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மெசின் சத்தத்தில் நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. தோளில் தட்டினேன்.

"இலக்கமெல்லாம் முடிஞ்சுது தங்கச்சி. இனி எழுத்துத்தான் மிச்சம்."

"எழுத்தை வெட்டாதேங்கோ அண்ணை. நான் சொல்லும் வரைக்கும் பொறுங்கோ."

அடுத்தது மச்சாளிடம் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செத்த மனுசனோட உமக்கென்ன போட்டி? அவருக்குக் கணக்குப் பிழைக்குமோ?"

ஒரு தாளை எடுத்துக் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு வகுக்கத் தொடங்கினேன். வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சைபர் வந்ததும், அந்தப் பதினேழின் மேல் விரலை வைத்தார்.

"உங்கட முதன்மை எண்களிலே பதின்மூண்டுக்கு அடுத்தது இதோ?"

"ஓம். ஏன் கேக்கிறியள்?"

"கடைசியா என்னோட கதைச்சது அதுதான். 'பதின்மூண்டாலயும் போகேல்லை. களைக்குது, மிச்சத்தை விடியப் பார்ப்பம்' எண்டவர். முடிச்சிட்டார் எண்டு நான் நினைச்சிட்டன்."

அண்ணா, நீங்கள் பிழை விடவில்லை. அதை முதன்மை எண் என்று நீங்கள் சொல்லவே இல்லை. பதின்மூன்றுக்கு அடுத்து நீங்கள் வகுத்துப் பார்க்க இருந்தது இந்தப் பதினேழால்தான். அதற்குள் உங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது. நானும் மச்சாளும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதோம்.

கல்லில் எண் மட்டும் இருக்கட்டும், எழுத்து வேண்டாம் என்று மச்சாளே சிலுவைராசா அண்ணைக்குச் சொல்லிவிட்டார். அடுத்தது ஒன்பது மூன்றும் ஓர் ஒன்றும். அதை நான் பார்க்கிறேன். பதின்மூன்றில் நிற்கமாட்டேன், பதினேழிலும் நிற்கமாட்டேன். வகுபடும் வரைக்கும், அல்லது வகுபடாது என்று தெரியும் வரைக்கும் விடமாட்டேன்.

நறுவிலிக்குளத்திலிருந்து,
உங்கள் மிச்சக் கணக்கோடு இருக்கும் தங்கச்சி