ரோஜாப் பருவத்தில் பூட்டிய கணக்கு

ஜனவரி 13, திங்கள்

ரோஜா விவசாயிகள் சங்கத்து அலுவலகக் கணினி இன்று ஒரேயடியாகப் போய்விட்டது. பூவைக் கட்டுக் கட்டும் கொட்டகையை ஒட்டிய அறை அது, சுவரெல்லாம் ஈரம். இவ்வளவு நாள் ஓடியதே பெரிது.

டான் லியோனிதாஸ் காலையிலேயே என்னிடம் ஆள் அனுப்பிவிட்டார். தலைவர் ஆனதிலிருந்து பதற்றம் வந்தால் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். "காதலர் தினம் வந்துருச்சு நியேவெஸ். ஆர்டர், குளிர் அறை இருப்பு, பெட்டி நம்பர், எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குது. பொழைக்க வைப்பியா, மாட்டியா?"

கணினியின் நினைவு வட்டைக் கழற்றிக் கொண்டுவந்து தரவை எடுத்துவிட்டேன். மாலைக் கூட்டத்தில் சொன்னேன்: அந்த அறையில் இன்னொரு கணினி வைக்க வேண்டாம். கிளவுடில் வாடகைக்கு ஒன்று எடுப்போம். அது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும், நமக்கு இணையம் இருந்தால் போதும்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஒர்தென்சியா நோவோவா விடுவாளா? "அப்ப நம்ம பூவெல்லாம் இனிமே மேகத்துல இருக்கும்ங்கறே. மழை பேஞ்சா யாரு பொறுக்கறது?"

கொட்டகையே சிரித்தது. தம்பி எஃப்ராயின் மட்டும் எழுந்து நின்றான். "எங்க ஞாஞா செஞ்சா சரியா இருக்கும். நான் பொறுப்பு." ஞாஞா, அதாவது அக்கா, என்று சொல்லும்போதே அவனுக்கு ஒரு மிதப்பு வந்துவிடும்.

அவன் பொறுப்பேற்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

ஜனவரி 17, வெள்ளி

நான் எதையும் கையால் நிறுவுவதில்லை. எல்லாவற்றையும் ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிடுவேன். வாடகைக் கணினியை எடு, தேவையில்லாத கதவுகளை அடை, தரவுத்தளத்தை வை, நிர்வாக மென்பொருளை இறக்கு, சங்கத்தின் தரவை ஏற்று, இரவுதோறும் நகல் எடு. இத்தனைக்கும் ஒரே கட்டளை. எங்காவது தவறினால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வீடு கட்டுவது போல அல்ல, கூடாரம் அடிப்பது போல.

முதல் தடவை தரவுத்தளத்தில் நின்றது. அடுத்தது கடவுச்சொல்லில். அதற்கடுத்து முழுதாக ஓடியது. எஃப்ராயின் பிஸ்கோச்சோ ரொட்டிப் பொட்டலத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா ஞாஞா கித்தோவுல அத்தனை வருஷம் படிச்சே? நானே பொத்தானைத் தட்டியிருப்பேனே."

மையாமியில் பூ வாங்கும் கம்பெனியின் கணினியோடும் இணைத்தாகிவிட்டது. அவர்கள் தந்த அனுமதிச் சாவி நம் கணினிக்குள் இருக்கிறது. இனி நம் லேபிளை அவர்கள் கிடங்கில் ஸ்கேன் செய்தால் பெட்டி நேராக சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும்.

ஜனவரி 18, சனி

ஓடுகிறது.

ஜனவரி 22, புதன்

ஒர்தென்சியாவுக்கே பிடித்துவிட்டது. லேபிள் அடிக்கும் இயந்திரத்தை யாரையும் தொட விடுவதில்லை. "மேகம் இன்னிக்கு நல்ல மூடுல இருக்குது" என்கிறாள்.

எஃப்ராயின் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் போய் வந்தேன். நவம்பரில் ஒன்றாக வெட்டிவிட்ட செடிகள் ஒன்றாகவே மொட்டு விட்டிருக்கின்றன. அத்தனையும் சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று கலந்து போட்டு, பல பேருக்கு விற்பார்கள். இவன் எல்லாவற்றையும் அந்த மையாமி கம்பெனி ஒன்றுக்கே பேசிவிட்டான். பெரிய பண்ணையில் பூச்சிமருந்து அடிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக நட்டது. இதுதான் அவனுக்கு முதல் முழுப் பருவம்.

"ஒரே ஆளுக்கா டா?" என்று கேட்டேன்.

"நல்ல ஆளு ஞாஞா. கணினியே பேசிக்கும். நடுவுல தரகன் கெடையாது." நான் சொன்ன வார்த்தைகளையே எனக்குத் திருப்பிச் சொன்னான்.

ஜனவரி 27, திங்கள்

பறிப்பு உச்சத்தில் இருக்கிறது. கொட்டகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்ட, கணினி திணறுகிறது. பெரியதாக ஒன்று எடுத்து மாற்றிவிடலாம் என்று மதிய இடைவேளையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். 'இப்போது இடமில்லை' என்று பதில் வந்தது. பாதியில் நின்றதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே பதில். கிடைக்கும்வரை ஓட்டு என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கிடைத்திருந்தது. தரவையும் மாற்றியாகிவிட்டது. நன்றாக வேகம்.

ஜனவரி 28, செவ்வாய்

கிளவுட் கம்பெனிக்காரர்கள் நம் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

காலையில் ஒர்தென்சியாதான் போன் செய்தாள், லேபிள் வரவில்லை என்று. நெட் போயிருக்கும் என்றேன். பிறகு மின்னஞ்சலைப் பார்த்தேன். 'உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான செயல்பாடு கண்டறியப்பட்டுள்ளது. பாதுகாப்புக்காக எல்லாச் சேவைகளும் நிறுத்தப்பட்டுள்ளன.' அடுத்தடுத்துக் கணினிகளை உருவாக்கி, அழித்து, உருவாக்கியதை ஏதோ ஒரு காவல் நிரல் பார்த்திருக்கிறது. திருட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

கணினி நின்றுவிட்டது. அதன் இரவு நகல்களும் அதே கணக்கில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பூட்டு. எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள் — எல்லோரும் என்றால்? நானும்தான்.

மேல்முறையீட்டுப் பக்கத்தை நிரப்பி அனுப்பினேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி.'

ஜனவரி 29, புதன்

அவர்கள் உதவிப் பக்கத்து அரட்டைப் பெட்டியில் எப்போதும் சிரிக்கிற ஒரு பெயர். மனிதரா என்று கேட்டால், 'உதவ மகிழ்ச்சி' என்கிறது. அடையாள அட்டை கேட்டது, அனுப்பினேன். படம் தெளிவில்லை என்றது. வெளியே வெயிலில் வைத்து எடுத்து அனுப்பினேன். சங்கப் பதிவுச் சான்றை ஆங்கிலத்தில் கேட்டது. மொழிபெயர்த்து அனுப்பினேன். 'உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

எந்தக் குழு? எங்கே உட்கார்ந்திருக்கிறது? போய் வாசலில் நிற்கிறேன். கெஞ்சச் சொன்னால் கெஞ்சுகிறேன். ஒரு வாசல்கூட இல்லையே இதற்கு!

தொலைபேசி உதவி பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானாம். அந்தத் திட்டத்துக்கு மாறுகிறேன் என்று அழுத்தினால், 'முடக்கப்பட்ட கணக்கில் திட்டத்தை மாற்ற இயலாது.'

ஜனவரி 30, வியாழன்

வேறொரு கம்பெனியில் புதுக் கணக்குத் தொடங்கி ஸ்கிரிப்டை ஓட்டினேன். அங்கே பாதை வேறு, பெயர் வேறு. நின்று நின்று, திருத்தித் திருத்தி, மாலைக்குள் மென்பொருள் எழுந்துவிட்டது. உள்ளே பழைய வட்டின் தரவு மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆர்டர் எதுவும் இல்லை. அதையாவது வாங்கியவர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பலாம். மையாமி தந்த அனுமதிச் சாவிக்கு எங்கே போவது?

அவர்கள் அலுவலகத்தில் தயானிரா என்ற பெண் பேசினாள். கூபாக்காரப் பேச்சு, நல்ல மனசு. "அம்மாடி, நான் என்ன பண்ணட்டும்? எங்க சிஸ்டத்துல உங்க பழைய கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி இருக்கு. புதுசுக்குப் புதுசா பதியணும். சீசன்ல எதையும் தொடாதேன்னு மேல இருந்து பூட்டி வெச்சிருக்காங்க."

"கையால எழுதி அனுப்பினா?"

"ஸ்கேன் ஆகாத பெட்டியைக் கிடங்குல எறக்க விட மாட்டாங்க. என் கையில இருந்தா இப்பவே செஞ்சுடுவேன். என் கையில இல்ல."

அவள் கையிலும் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

மற்றவர்களின் பூ போகிறது. கித்தோ தரகர்கள், ரஷ்யாவுக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துச் சீட்டோடு எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் எல்லோரும் பேனாவால் எழுதுகிறார்கள். தப்பும் தவறுமாக, திட்டிக்கொண்டே. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒர்தென்சியா மட்டும் பேனாவை நீட்டினாள். "சும்மா நிக்காதே. உனக்குக் கையெழுத்தாவது நல்லா இருக்கும்ல?"

எழுதினேன். எஃப்ராயினின் பெட்டிகள் குளிர் அறையில் பின்சுவர் ஓரமாக நிற்கின்றன.

பிப்ரவரி 1, சனி

இன்றும் பதில் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எஃப்ராயின் துணிந்து ஒரு லோடு அனுப்பியிருந்தான். வேறு பெட்டிகளோடு சேர்ந்து உள்ளே போய்விடும் என்று விமான நிலையச் சரக்கு ஏஜெண்டு சொன்னானாம். மையாமியில் இறக்கவே விடவில்லை. குளிரில்லாத இடத்தில் கிடந்து எல்லாம் வாடிப்போயிற்று. தயானிரா அந்தப் பெட்டிகளின் படம் ஒன்று அனுப்பினாள். நான் அதை அவனுக்குக் காட்டவில்லை. அவனுக்கும் அனுப்பியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கித்தோ தரகர்களிடம் போய் நின்றோம், நானும் அவனும். "இத்தனை சிவப்பா? இப்பவா?" என்றான் ஒருவன். "முன்னாடியே பேசியிருக்கக் கூடாதா? ஊரே சிவப்பைத்தான் தூக்கிட்டு வருது." கொஞ்சம் எடுத்தான், ஒரு தயவுக்காக.

வண்டியில் திரும்பும்போது எஃப்ராயின் ரேடியோவை வைத்தான். பாட்டு வந்ததும் நிறுத்தினான்.

பிப்ரவரி 5, புதன்

குளிர் அறையில் மற்றவர்களின் புதுப் பறிப்புக்கு இடம் வேண்டும். டான் லியோனிதாஸ் கேட்கக் கூசி, தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார். எஃப்ராயினே சொன்னான்: "எடுத்துடறேன் டான் லியோ. இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

லாரியில் ஏற்றி, ஆற்றுப் பக்கம் மாடு மேய்க்கிறவர்களிடம் கொண்டு போனோம். மாடுகள் முதலில் முகர்ந்து பார்த்தன, பிறகு தின்றன. தண்டை விட்டுவிட்டுத் தலையை மட்டும். மாட்டுக்காரப் பெண் கேட்டாள், "மருந்து அடிச்ச பூவா? பாலுக்கு ஒண்ணும் ஆகாதே?" எஃப்ராயின் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசி மருந்து எப்போது அடித்தது, என்ன மருந்து, எல்லாவற்றையும்.

நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். போனில், 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்.'

பிப்ரவரி 8, சனி

சண்டை. இல்லை, சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

சாப்பிட வரச் சொன்னான். அவன் மனைவி கிளெண்டா சூப்பு வைத்திருந்தாள். தலைகுனிந்தே பரிமாறினாள். என்னால் தாங்கவில்லை. "திட்டேன்டா. யாராவது என்னைத் திட்டுங்களேன். நான்தானே செஞ்சேன்?" என்று கத்திவிட்டேன்.

எஃப்ராயின் கரண்டியை வைத்தான். "நீ என்ன ஞாஞா செஞ்சே? ஒரு மெஷினைக் கேட்டே, இல்லேன்னுச்சு. மறுபடி கேட்டே. அது குத்தமா?"

"நான் இதை இங்க கொண்டாராம இருந்திருந்தா—"

"அடுத்த கணினியும் ஈரத்துல செத்திருக்கும். அப்ப ஈரத்தைத் திட்டியிருப்போம்." சூப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான், "யாரைத் திட்டறதுன்னே தெரியலை. அதுதான் எனக்கு. ராத்திரி படுத்தா ஒரு முகமாவது வரணும்ல திட்டறதுக்கு? ஒண்ணும் வரல."

கிளெண்டா அப்போதுதான் அழுதாள்.

எனக்கும் ஒரு முகம் வரவில்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், என் முகம்தான் வருது. என்ன பண்றது நான்? யார்கிட்ட போயி நிக்கறது?

பிப்ரவரி 14, வெள்ளி

கயம்பே கடைத்தெருவில் சிவப்பு ரோஜா மூட்டைக் கணக்கில் விற்கிறது. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சங்கக் கூட்டம். என்னை நீக்கச் சொல்லி ஒருவரும் பேசவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. புதுக் கணினியே தொடரட்டும், நகலைச் சங்கத்து வட்டிலும் ஒன்று வைக்க வேண்டும் என்று முடிவானது. ஒர்தென்சியாதான் முன்மொழிந்தாள்.

எஃப்ராயின் வரவில்லை. பழைய பண்ணையில் மறுபடி சேர்ந்துவிட்டானாம். அதே பூச்சிமருந்து வேலை. எனக்கு டான் லியோனிதாஸ் சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

கிளவுட் கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. 'ஆய்வு நிறைவடைந்தது. விதிமீறல் எதுவும் இல்லை. உங்கள் சேவைகள் மீண்டும் இயங்குகின்றன. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கீழே ஐந்து நட்சத்திரம். எங்கள் உதவி எப்படி இருந்தது?

பக்கத்தை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எஃப்ராயினுக்கு இன்று விடுமுறை. அவனாகவே வந்தான். கண் சிவந்திருக்கிறது, மருந்து நெடி சட்டையில். நான் பழைய கணினியிலிருந்து விட்டுப்போன ஆர்டர்களைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பழையதை அழிக்க வேண்டும். அதற்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது.

"அதுதானா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "நின்னு போனதை எழுப்பிட்டாங்களா?"

"நின்ன இடத்துலயே."

"என்னோடது காட்டு."

குளிர் அறை இருப்பைத் திறந்தேன். அவன் பெயர், அவன் கூடார எண், சிவப்பு, நீளத் தண்டு. பெட்டி பெட்டியாக வரிசை. நிலை: 'அனுப்பத் தயார்'. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பச்சைப் புள்ளி.

விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு வரியாக இறங்கினான். எந்த வரிசைச் செடி எது என்று அவனுக்குத் தெரியும் போலிருக்கிறது.

"நல்லாத்தான் இருக்குது எல்லாம்" என்றான்.

ஆர்டரை மாற்றி முடித்ததும் பழையதை அழித்துவிடுவேன் என்றேன்.

"இதை இன்னிக்கே அழிக்கணுமா?"

"இல்ல. அவசரமில்லை."

"அப்ப இருக்கட்டும்."

காப்பி போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது முதல் வரியிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை நின்றேன்.