மூன்று முத்திரையோடு திரும்பி வந்த யானை

நலம் பெருகுக. செருந்திநாட்டு வெண்கொடி நிழலில், மாமன்னர் இளந்தத்தர் திருவுளப்படி, முதலமைச்சன் வேள் பெருஞ்சேந்தன் விடுக்கும் ஓலை. பேரேரிக் கரையில் பாளையம் இறங்கியிருக்கும் தண்டநாயகர், விழுப்புண் அணிந்த மார்பினர், எயினங்குமரனார் கண்டு தெளிக. தங்கள் படைக்கும், கரைக்குக் கீழே நெல் முற்றி நிற்கும் ஊர்களுக்கும், அவ்வூர்களில் உறங்கும் மக்களுக்கும் ஒரு குறையும் வாராதிருக்கட்டும்.

முதலில் கட்டளை, காரணம் பின்னே. ஏரிக்கரையை வெட்டற்க. வெட்டத் தொடங்கியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பெயர்த்த மண்ணையே இட்டு அடைக்க. குராநாட்டு யானைப்படை எல்லையாற்றைக் கடந்தால் வெள்ளத்தில் அமிழட்டும், கரையை வெட்டுக என்று முன்பு வந்த ஓலையைப் பெருஞ்சேந்தன் மறக்கவில்லை. அதற்கும் இதே கைதான் முத்திரையிட்டது. ஒரே வாயால் இரண்டு சொல்லும் கிழவன் என்று தாங்கள் ஏசினால் கேட்டுக்கொள்வான். பதிலுக்குச் சினக்க அவனிடம் தெம்பில்லை.

நடந்தது இது. கோட்டைவாயிற் செய்திப்பலகையில் விடியுந்தோறும் புதிய ஓலை தொங்கவேண்டும் என்பது மன்னர் ஆணை. நேற்றைய ஓலையைக் கண்டால் மக்கள் முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள், போனவர்கள் திரும்பி எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவர் குறை. ஒரு நாட்டில் நாள்தோறும் புதிதாக என்னதான் நடந்துவிடும்? மாடு கன்று ஈனும், மழை பெய்யும், மாமியாரும் மருமகளும் சண்டையிடுவார்கள். பலகைக் காப்பாளன் நன்னாகன் எழுதப் பொருளின்றித் தவித்துப்போனான். அவன் படும் பாட்டைக் கண்டு வழி சொன்னவன் பெருஞ்சேந்தனே. நொச்சிநாடும் ஞாழல்பட்டினமும் வேங்கைமலையும் தத்தம் பலகை ஓலையைப் படியெடுத்து நமக்கு அனுப்புவது, நாம் நம்முடையதை அவர்களுக்கு அனுப்புவது, அவர்கள் தமக்குள்ளும் அவ்வாறே செய்வது, வந்ததை ஆராய்ந்து காலம் கழிக்காமல் அப்படியே தொங்கவிடுவது என்று உடன்படிக்கை ஆயிற்று. அன்றுமுதல் பலகைக்குப் புதுமை குன்றவில்லை. வாயிலில் கூட்டம் நெரிந்தது. மன்னர் நன்னாகனுக்குப் பட்டு போர்த்தினார். எல்லார்க்கும் மகிழ்ச்சி, வேலையும் குறைவு.

பின்னர் ஒரு மழைக்காலையில் ஓலைத்தூதர் எவரும் வந்து சேரவில்லை. வெறும்பலகையைக் காணப் பொறாத நன்னாகன், ஆற்றோரம் தான் கண்ட ஒன்றை எழுதித் தொங்கவிட்டான். குராநாட்டுப் பாகர் சில யானைகளைக் கரையில் குளிப்பாட்டினர், அவற்றுள் ஒன்றுக்கு இடக்காது கிழிந்திருந்தது, அவ்வளவே. நொச்சிநாட்டார் படியெடுத்தபோது ஓலையில் இடம் போதாமல் குளித்த செய்தி விடுபட்டது. அதைப் பார்த்து ஞாழல்பட்டினத்தார் எழுதியபோது யானைகள் படையாயின. வேங்கைமலையில் அப்படை ஆற்றைக் கடக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று ஓலைகளும் மூன்று முத்திரையோடு நம் அவைக்கு வந்தன. மூன்று நாட்டார் சொல்வது பொய்யாகுமோ என்று மன்னர் வினவினார். ஆகாது என்றனர் அவையோர். பெருஞ்சேந்தனும் அவர்களோடு தலையசைத்தான்.

தங்களுக்கு ஆணை போனபின்னர்தான் அவன் அவற்றைப் பொறுமையாகப் படித்தான். மூன்றிலும் இடக்காது கிழிந்த யானை ஒன்று நின்றது. நன்னாகனை அழைத்துக் காட்டினான். அவன் நெடுநேரம் பார்த்திருந்து, இது தன்னுடைய யானைதான் என்று சொல்லித் தரையில் அமர்ந்து அழுதான். அழுகிறவனை ஏச அமைச்சனுக்கு மனம் வரவில்லை.

இத்தோடு போயிருந்தால் தேவலை. தங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு ஏரிக்குப் போனதையும் நம் பலகை புத்தம்புதுச் செய்தியென்று தொங்கவிட்டிருந்தது. உடன்படிக்கைப்படி மற்ற பலகைகளும் அதை எடுத்துக்கொண்டன. குராமன்னர் அதைக் கேள்வியுற்று, செருந்திநாடு போருக்கு எழுந்தது என்று கொண்டு, மெய்யாகவே யானைப்படையை ஆற்றங்கரைக்கு நகர்த்திவிட்டார். தங்கள் ஒற்றர் கண்டுவந்து சொல்வது கண்மயக்கு அன்று; யானைகள் நிற்கின்றன. நாம் நம்பிய பொய் அங்கே போய் உண்மையாகிவிட்டது.

மன்னரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. அவர் குராமன்னருக்கு விளக்கி ஓர் ஓலை விடுக்கலாமா என்று கேட்டார். இனி ஓலையை யார் நம்புவார் என்று அமைச்சன் விடைபகர்ந்தான். ஆகவே அவனே நன்னாகனை உடனழைத்துக்கொண்டு, படைக்கலம் இன்றி, ஓடமேறி அக்கரை செல்கிறான். யானை குளித்த கதையை அம்மன்னரின் முகம் பார்த்துச் சொல்வான். அவர் சிரித்தால் ஏரிக்கரைக்குக் கீழுள்ள ஊர்கள் அறுவடை காணும். சினந்தால் என்ன ஆகும் என்பதைத் தண்டநாயகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதுவரை வீரர் எவரும் அம்பைத் தொடவேண்டாம். கரையில் ஒரு கூடை மண்ணும் பெயரவேண்டாம். கோட்டைவாயிற் பலகை வெறுமையாகவே நிற்கும் என்று மன்னர் ஆணையிட்டுவிட்டார். அமைச்சன் அக்கரையில் கொல்லப்பட்டான் என்று எத்தனை நாட்டிலிருந்து எத்தனை ஓலை வந்தாலும், அவன் உடலைத் தாங்கள் கண்ணால் காணும்வரை கரையை வெட்டற்க.

மன்னர் கண்முன் அரக்கிட்டு, மீன்முத்திரை பதித்து விடுத்தது. கண்டவுடன் நடத்துக.