காலி வானத்தில் ஒரு முனகல்

மார்ச் 4
இன்றைக்கும் வானம் செய்தேன். பால்வீதியின் ரேடியோ இரைச்சல், தூரத்து கேலக்ஸிகள், ஐந்நூறு ரேடியோ ஆன்டெனாக்களில் நாலைந்து கோணலாக நிற்பது வரை எல்லாம் கம்ப்யூட்டருக்குள். முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜனின் மெல்லிய ரேடியோ முனகல் மட்டும் கடைசியில், ஒரு சிட்டிகை. எங்கள் குழு நிஜ வானத்தில் தேடுவது அதைத்தான்.

அக்கா பல் டாக்டர். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். "நிஜ வானம்தான் மேலேயே இருக்கே, எதுக்குடி டூப்ளிகேட் போடற?" என்றாள்.

"இதுல என்ன போட்டேன்னு எனக்குத் தெரியும்ல? எங்க புரோகிராம் அதைச் சரியா கண்டுபிடிக்குதான்னு பாக்கத்தான்."

"ஓ, புரோகிராமுக்குப் பரீட்சை வைக்கறே."

பரவாயில்லை, பல் பிடுங்குகிறவளுக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 9
எங்கள் குழுத்தலைவர் ஆடாத குறை. (நான் வைத்த பெயர் 'இடி'. பேசுவதே அப்படித்தான்.) நிஜ டேட்டாவில் அந்த முனகல் கிடைத்துவிட்டதாம்! அடுத்த வாரம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடப்போகிறார். கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு தின்றேன்.

மார்ச் 10
கை சும்மா இருக்கவில்லை. முனகலே போடாமல் ஒரு வானம் செய்து அதே புரோகிராமிடம் கொடுத்தேன்.

கண்டுபிடித்துவிட்டது!

இல்லாததை எப்படிடா கண்டுபிடிச்சே, தடிமாடே?

மார்ச் 11
காரணம் தெரிந்துவிட்டது. பால்வீதியின் இரைச்சலைக் கழிக்கும்போது புரோகிராம் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சம்தான் முனகல் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. இடியிடம் எப்படிச் சொல்ல? பாதி ஆயுசை இதற்கே கொடுத்த மனுஷன். நான் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே. சே.

மார்ச் 12
சொன்னேன்.

"கோளாறு உன் டூப்ளிகேட் வானத்துலதான். போய் அதைச் சரி பண்ணும்மா."

அந்த 'ம்மா' இருக்கே! செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம். பாத்ரூமில் போய் அழுதேன். அங்கே டிஷ்யூவும் இல்லை. என்ன பொழப்புடா இது.

அக்கா சொன்னாள்: "சொத்தைன்னு வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான். எக்ஸ்ரேயைக் காட்டு."

மார்ச் 13
காட்டினேன். குழு மொத்தமும் இருந்தது. திரையில் இரண்டு படம்: நிஜ வானத்தில் புரோகிராம் கண்டது, காலி வானத்தில் கண்டது. எது எது என்று எழுதவில்லை.

"எது நிஜம்னு சொல்லுங்க சார்."

இடி எழுந்து வந்து, மூக்கு திரையில் முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தார். விரலை வைத்தார். "இது."

"அதுல நான் முனகலே போடலை சார்."

ஜெயித்தால் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கத் தோன்றவில்லை. அவர் விரலை எடுக்கவே இல்லை.

மார்ச் 14
பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இடி லீவு.

மார்ச் 25
காலையில் இடி, நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார். தாடி வளர்ந்திருந்தது.

"புரோகிராமைத் திருத்தியிருக்கேன். எனக்குக் கொஞ்சம் வானம் செஞ்சு கொடு. சிலதுல முனகல் போடு, சிலதுல போடாதே. எதுல இருக்குன்னு எங்கிட்ட சொல்லாதே. கெஞ்சினாலும் சொல்லாதே."

"கெஞ்சுவீங்களா சார்?"

"பின்னே?"

மத்தியானத்துக்குள் இரண்டு தடவை கெஞ்சிவிட்டார்.