இருபத்துமூன்று குறைகள்

மார்ச் 3, செவ்வாய்

இருபத்தைந்து வருடம் ஒரே ஹோட்டலில் அடுத்தவர் படுக்கையைப் போட்டதற்கும் சரிபார்த்ததற்கும் பரிசு கிடைத்திருக்கிறது. உறைக்குள் ஒரு கடிதம். நகரத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய மாளிகை. இப்போது அதை ஹோட்டலாக்கி இருக்கிறார்கள், எங்கள் முதலாளியின் நண்பருக்குச் சொந்தம். நான்கு இரவுகள், இரண்டு பேர், சாப்பாடு உட்பட. மேடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மிக்சியை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்கு ஹோட்டலில் ஓய்வு. பஸ் டிரைவரை பஸ்ஸில் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்புகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். இவர் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுக் குறிக்கிறவர், எதற்கும் லேசில் அசையமாட்டார். இதற்கு மட்டும் உடனே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டி கட்டினேன். துணிகள், மாத்திரை, முதுகு பெல்ட், இரண்டு தலையணை உறை, ஒரு தூசித் துணி. தூசித் துணியை இவர் எடுத்து வெளியே வைத்தார். நான் திரும்ப உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே வைத்தார். கடைசியில் இவருடைய சட்டைக்குள்ளேயே சுருட்டி வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

வந்து சேர்ந்தோம். மூன்று தளம், பதினான்கு அறை, லிஃப்ட் கிடையாது. அகலமான மரப் படிக்கட்டு, முன்னால் புல்வெளி, பின்னால் குளம். வாசலில் ஒரு சின்ன உருவம் ஓடி வந்து என் பெட்டியைப் பிடித்தது. நான் விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பேரும் முதல் தளம் வரை பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே ஏறினோம். இவர் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தார், பிறந்ததிலிருந்தே பெட்டி தூக்காதவர் மாதிரி.

அவள்தான் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும், என் தோளுக்குக்கூட வரமாட்டாள், நடை மட்டும் படபடவென்று. மனதுக்குள் குருவி என்று பெயர் வைத்துவிட்டேன்.

அவள் போனதும் என் விரல் தானாகவே கதவு நிலையின் மேல்பக்கம் போயிற்று. தூசி. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்? இவரிடம் விரலை நீட்டிக் காட்டினேன்.

"உனக்குத்தான் எட்டுதே. நீயே துடைச்சுட்டுப் போயேன்" என்றார்.

துடைப்பது என் வேலையில்லை, கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று சொன்னேன். சொன்னபோது அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஐந்தரைக்கு விழிப்பு. என்ன செய்வது? படுக்கையைப் போட்டேன். இவர் இருந்த பக்கத்தை இவரை உருட்டிவிட்டுப் போட்டேன். குளியலறைக் கண்ணாடியைத் துடைத்து, துண்டுகளை மூன்றாக மடித்து அடுக்கினேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து விருந்தாளியாக இருக்கப் பார்த்தேன். பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

ஒன்பதரைக்குக் குருவி வந்தாள். அறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஏதாவது குறையாங்க, மேடம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பழக்கம் என்றேன். கையிலிருந்த தாளில் எங்கள் அறைக்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டாள். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

மேடம் எங்கே வேலை என்று கேட்டாள். "ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்? நாலு நாளைக்காவது மேடமாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்ற ஆசைதான். வேறென்ன. சொன்ன கையோடு விரிப்பை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள் என்றும் கேட்டேன். எந்த ஆபீஸ்காரி கேட்பாள் இதை?

மார்ச் 11, புதன்

உபசாரம் தாங்கவில்லை. காலையில் மேஜையில் பழத்தட்டு. பத்து மணிக்குப் பூ. டை கட்டிய மேலாளர் தானே வந்து டீ ஊற்றினார், தலையணை உயரம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு இதெல்லாம் இல்லை. என் முகத்தில் ஏதோ ஒரு களை இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாக எங்கள் ஹோட்டலில் ஒருத்தர் கண்ணிலும் படாத களை.

அறையில் ஒரு கார்டு இருந்தது. தங்கள் கருத்தை எழுதவும் என்று போட்டு நான்கு கோடு. எனக்கு நான்கு கோடு போதுமா? பின்பக்கமும் எழுதி, தனித்தாளும் இணைத்தேன். கதவு நிலையில் தூசி. அலமாரி மேலே தூசி. திரைச்சீலை வளையம் இரண்டு கழன்றிருக்கிறது. குழாய் அடியில் சுண்ணாம்புக் கறை. மேல்தள வராந்தா விளக்கில் பூச்சி. மொத்தம் இருபத்துமூன்று. வரிசை எண் போட்டு, அடிக்கோடிட்டு, உறையில் வைத்து மேலாளரிடமே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான்.

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

இவர் போகிற இடத்திலெல்லாம் சிநேகிதம் பிடிப்பவர். சமையலறை வாசலில் நின்று டீ குடித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். "அந்தப் பொண்ண ஞாயித்துக்கிழமையோட நிக்கச் சொல்லிட்டாங்களாம். உன் கார்டாலதான்."

சமையல்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இங்கே அறைகளுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஜனவரியில் ஒருத்தி போய்விட்டாள், பதிலுக்கு ஆள் போடவில்லை. பதினான்கு அறையும் குருவி ஒருத்தி தலையில். வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட மாளிகை முதலாளிக்கு ரொம்ப நாளாக யோசனை, ஒரு காரணம்தான் கிடைக்காமல் இருந்தது. விரிப்பை எப்போது மாற்றுவீர்கள் என்று நான் கேட்டதை வைத்து என்னை ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். பழத்தட்டும் பூவும் அதற்குத்தான், என் முகக்களைக்கு இல்லை. கார்டு நேரே முதலாளிக்குப் போயிருக்கிறது. போதாததற்கு அவள் தாளில் மூன்று நாளும் எங்கள் அறைக்கு 'வேலை இல்லை' என்று இருக்கிறது. பொய்க்கணக்கு எழுதி வேலையைத் தட்டிக்கழித்தாள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டு.

படுக்கையை நானே போட்டு அவளுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன். கார்டு எழுதி வேலையையும் பறித்துவிட்டேன். கையும் சும்மா இருக்கவில்லை, பேனாவும் சும்மா இருக்கவில்லை. சும்மா இருன்னுதானே என்னை இங்க அனுப்பினாங்க? அத மட்டும் செய்ய முடியலையே என்னால.

லிஃப்ட் இல்லை, டிராலி இல்லை. மூன்று தளத்துக்கும் விரிப்பு மூட்டையைத் தோளில் சுமந்து ஏறுகிறாள். வந்த அன்றைக்கே பார்த்தேன். படிக்கட்டு ஓரத்தில் தூசி இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்த்தேன். கதவு நிலை அவளுக்கு எட்டாது என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

மத்தியானம் மேலாளர் அறைக்குப் போனேன். நான் அதிகாரி இல்லை, சூப்பர்வைசர், அவளைப் போலப் படுக்கை போட்டு மேலே வந்தவள், கார்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "உங்க கார்டு எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சுங்க" என்றார். ஒருத்திக்குப் பதினான்கு அறை என்பது எங்கும் இல்லாத கொடுமை என்று சொன்னேன். நீங்கள் விருந்தாளி, ஓய்வெடுங்கள் என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

இன்று டீயை யாரும் ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் குருவியைத் துணி மடிக்கும் அறையில் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள், "நிலை மேல தூசி இருந்துச்சுங்களா? நெசமாவே?"

இருந்தது என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். அழுகை எனக்குத்தான் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

மல்லாந்து படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முதுகைக் கேட்கவும்.

என் திட்டம் இதுதான். மேல்தளத்து நான்கு அறைகளையும் நானும் குருவியும் சேர்ந்து செய்வது. இவர் கைக்கடிகாரத்தோடு நின்று நேரம் குறிப்பது. இரண்டு பேருக்கே இவ்வளவு நேரம் ஆகிறதென்றால் ஒருத்திக்கு எவ்வளவு என்று எழுதி முதலாளிக்கே அனுப்புவது. இவருக்கு ஒரே உற்சாகம். லாரி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று கோடு கிழித்துத் தயாராக நின்றார்.

முதல் அறை, முப்பத்தெட்டு நிமிஷம். இரண்டாவது, நாற்பத்தொன்று. குருவிக்கு மூச்சு வாங்கவில்லை. நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே அவளுக்கு விரிப்பின் மூலையை மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். சூப்பர்வைசர் ஆகிப் பதினாறு வருடமாயிற்று, நான் மெத்தையைத் தூக்கி. மூன்றாவது அறையில் தூக்கினேன். முதுகில் சுளீரென்றது. பழைய விரிப்பின் மேலேயே குப்புற விழுந்தேன். பெல்ட் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

இவர் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் ஓடி வந்தார்.

எழுந்திருக்கவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. விரிப்பு மாற்றியாக வேண்டும், மதியம் அந்த அறைக்கு ஆள் வருகிறது. குருவி தோளைத் தொட்டு, "அசையாதீங்கக்கா" என்றாள். அப்புறம் அவள் செய்ததை இருபத்தைந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை. என்னை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு பக்க விரிப்பை என் முதுகு வரை சுருட்டினாள். புதியதை அந்தப் பக்கம் விரித்து, மிச்சத்தைச் சுருட்டி அதையும் என்னோடு ஒட்டி வைத்தாள். முழங்காலை மடக்கி, இடுப்பில் கை வைத்து, வலிக்காமல் என்னை அந்தச் சுருள்களுக்கு மேல் இந்தப் பக்கம் திருப்பினாள். பழையது உருவிக்கொண்டு போயிற்று, புதியது வந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

மாமியார் நாலு வருஷம் படுக்கையில் இருந்தார்களாம். தினம் இரண்டு தடவை இப்படி மாற்றுவாளாம்.

மூலை எப்படி மடிப்பது என்று இவளுக்கா சொல்லிக்கொடுத்தேன்! கூச்சமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். யாரோ போட்ட படுக்கையில் ஒன்றும் செய்யாமல் கிடந்தேன். நான்காவது அறையை அவளே முடித்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் விருந்தாளி ஆனேன்.

இரண்டாவது கார்டை நான் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். இருபத்துமூன்று குறைக்கும் காரணம் ஒன்றே, ஆள் போதாது. கீழே நேரப் பட்டியல், சாட்சிக்கு இவர் கையெழுத்து. மேலாளர் ஒரு கையால் வாங்கினார்.

காரில் பின்சீட்டு முழுவதும் எனக்கு. கிளம்பும்போது குருவியிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் அக்கா நம் நகரத்தில்தான் இருக்கிறாளாம்.

மார்ச் 19, வியாழன்

மாளிகையிலிருந்து கடிதம். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக. குருவி போனில் சொன்னாள், திங்கட்கிழமையே வெளிக் கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று.

எங்கள் மேனேஜரிடம் போய்க் குருவிக்கு ஒரு வேலை கேட்டேன். அவளுக்கு யார் பொறுப்பு என்றார். நான் என்றேன். பரிசு பிடித்திருந்ததா என்றும் கேட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டே, ரொம்ப என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

குருவிக்கு இன்று முதல் நாள். ஏழாவது மாடி, பத்து அறை, ஒரு டிராலி. இரண்டு பஸ் மாறி, நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து நின்றாள். எல்லோர் முன்னாலும் மேடம் என்றாள், லிஃப்டில் அக்கா என்றாள்.

பதினொரு மணிக்கு 712-ஐச் சரிபார்க்கப் போனேன். படுக்கை கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் குளியலறையில் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் பழக்கத்தில் கதவு நிலைக்கு மேலே போயிற்று. தூசி.

பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். தாளில் 'சரி' என்று குறித்தேன். 711-இல் விரலை வைக்கவில்லை, நேராகத் துணியையே வைத்தேன்.