விலாவில் பட்ட வாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூச்சிழுப்பு குறைந்ததா? மன்னார் வெயிலில் வெளியே அலையாதீர்கள். நான் சுகம்.

கந்தோர் வேலை முடிந்ததும் உள்துறைமுக வீதி மண்டபத்தில் எங்கள் நாடகக் குழு இப்போது வாள்வீச்சுப் பழகுகிறது. முனையில் றப்பர் வைத்த மெல்லிய வாள்தான், பயப்பட வேண்டாம். எதிரே நிற்பவரைக் கண்ணெடுக்காமல் பார்த்து, அவர் அசைந்த பிறகே அசைய வேண்டும். மற்றவர் வசனம் முடியுமுன் முகத்தை மாற்றிவிடும் என் குறைக்கு இதுதான் மருந்து என்கிறார் பயிற்சி தரும் சரீப் சேர்.

ஆனால் எங்கள் குழுவிலுள்ள லோஜனாவுக்கு இரண்டே கிழமையில் எல்லாம் வந்துவிட்டது. இருபத்திமூன்று வயது. மேடையில் அவள் சும்மா நின்றாலே எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு எரிகிறது. அடுத்த நாடகத்தில் நான் ஆசைப்பட்ட அரசி வேடமும் அவளுக்கே போகும் போலிருக்கிறது.

வாள் பட்டால் பட்டவரே கையை உயர்த்த வேண்டும் என்பது இங்கே வழக்கம். நேற்று அவளுடைய வாள் என் விலாவில் பட்டது. நான் கையை உயர்த்தவில்லை.

"பட்டதோ, லோஜனா?" என்று சேர் கேட்டார்.

"அதை அக்காதான் சொல்லோணும், சேர்."

"இல்லை," என்றேன்.

"அப்ப என்ர கைதான் பிழை," என்று சிரித்தாள். அதில் கேலி இல்லை, அம்மா. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காலுக்குப் பூச வேப்பெண்ணெய் அனுப்புங்கள். மிளகாய்த்தூளும் வேண்டும். கடைத்தூளில் சமைத்துத் தனியே சாப்பிட மனமில்லை.

இன்று எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆனாலும் அவள் அரசியாக நின்று வசனத்தை மறக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. இதை உங்களுக்கு மட்டும்தான் எழுத முடியும்.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
வதனா