ரொஹானா மக்சிக்கின் சட்டி

அன்புள்ள காலேப் அண்ணனுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், படித்ததும் கிழித்து உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் போட்டுவிடுங்கள். இந்தப் பார்சலில் முறுக்கு டின்னுக்கு மேலே இருக்கும் கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அது பாதியில் நின்றுபோயிருக்கும். ஏன் நின்றது என்பதை எழுதி டின்னுக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். ஆண்டவர் அருளால் கிள்ளானில் நாங்கள் சுகம், சரவாக்கில் நீங்களும் உங்கள் பள்ளிக்கூடத்து ஈபான் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அது முழு உண்மை இல்லை அண்ணா.

நாளைக்குப் பக்கத்து வீட்டு மலாய் அத்தை, நம் ரொஹானா மக்சிக்கின் மகள் ஐனா அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அம்மா வைக்கும் ஆட்டுக்கறிதான் வேண்டும் என்று அக்கா அடம் பிடித்ததால் மக்சிக்கே ஹலால் கடையில் இறைச்சி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த அவருடைய நாத்தனார், பன்றி சாப்பிடுற வீட்டுல போயி சமைக்கக் குடுக்கிறியே என்று கேட்டாராம். அதற்கு மக்சிக், சாண்ட்ரா எனக்குன்னே தனிச் சட்டி வச்சிருக்கா, பதினாலு வருஷமா அதுலதான் சாப்பிடுறேன், என் வீட்டுச் சட்டியவிட அத நம்புவேன் என்று சொல்லியிருக்கிறார். ஃபிரிட்ஜ் மேலே நீல மூடி போட்டு இருக்குமே, அந்தச் சட்டிதான். அதை என்னிடம் சொல்லும்போது அம்மா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், உங்களுக்கு வாத்தியார் வேலை கிடைத்த அன்றுகூட அம்மா அப்படி நிமிர்ந்து நடக்கவில்லை.

வியாழக்கிழமை அம்மாவுக்கு இரவு வேலை. அப்பா சீனர் கடையில் பன்றி வறுவல் வாங்கி வைத்துவிட்டு லோரியோடு பினாங்குக்குப் போய்விட்டார். மற்ற சட்டியெல்லாம் கழுவாமல் கிடந்தது, எனக்குச் சோம்பேறித்தனம், அந்தச் சட்டியை எடுத்து அதில் சூடுபண்ணிவிட்டேன். அப்புறம் பயந்துபோய்ச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்து இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் அம்மா அதில் கோழி சம்பால் செய்தார், மக்சிக் நம் அடுப்படியில் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டே, சாண்ட்ரா, உன் கைய எனக்குக் குடுத்துடு என்றார். நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். போன மாதம்தான் இன ஒற்றுமைக் கட்டுரைக்கு நான் பரிசு வாங்கினேன், மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்கிற மாதிரி அட்டையில் படமெல்லாம் வரைந்திருந்தேன். வீட்டில் ஒரு சட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்குக் கடிதம் சொல்லிக்கொண்டே வந்த அம்மா, எழுதுடி, பதினாலு வருஷத்துல ரொஹானா ஒரு நாளும் நம்ம சட்டியத் தெறந்து பாத்ததில்ல, சம்பந்திக்கே நம்ம வீட்டுக் கறிதான்னு அண்ணனுக்கு எழுது என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதுச் சட்டி வாங்கிடலாம்மா, யாருக்குத் தெரியப் போவுது என்றும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவ நேத்து சாப்பிட்டுட்டா லா ஷார்மைன், அவளுக்குத் தெரியாம இருக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு, கட்டியிருந்த கைலியோடு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

நான் நம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வீடு நிறைய விருந்தாளிகள். அம்மா மலாயில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், என் அடுப்படியில தப்பு நடந்துபோச்சு ரொஹானா, அந்தச் சட்டியில பன்றி பட்டிருச்சு, நேத்து நீ சாப்பிட்டது அதுலதான், நாளைக்கு வேற யாரையாச்சும் சமைக்கச் சொல்லு. என் பெயரை எடுக்கவே இல்லை அண்ணா. நாத்தனார், நான்தான் அப்பவே சொன்னேனே என்றார். மக்சிக் என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அம்மா இன்னும் வரவில்லை. மக்சிக் இனி நம் வீட்டுப் பக்கமே வரமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் அத்தனை பேர் நடுவில் கைலியோடு நின்றது என் அம்மா என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்ததால்தான் எழுதுகிறேன்.

அம்மா சொல்லச் சொன்னவற்றை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். மழை பெய்த அன்று ஆற்றில் குளிக்கக் கூடாதாம். முறுக்கை நீங்களே தின்று தீர்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமாம். படுக்கும் முன் ஜெபம் செய்ய வேண்டுமாம், மாதா உங்களைக் காப்பாராம். கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே

தட்டுகிறார்கள். அம்மா சாவியை எடுத்துக்கொண்டுதானே போனார். மக்சிக்கின் குரல், ஷார்மைன், கதவத் தெற, சட்டிய எடுத்துட்டு வா, மண்ணு கரைச்ச தண்ணியில ஒரு தடவ, நல்ல தண்ணியில ஆறு தடவ கழுவணும், எங்க முறைப்படி அப்புறம் அது சுத்தம்தான், உங்கம்மா எங்க வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா, விடிஞ்சா கறி யாரு வைக்கிறது என்று